ஹோட்டெலிங் விதி

பெயரைப் பார்த்துவிட்டு இது சாப்பாட்டுக் கடை விவகாரம் என்று நினைக்க வேண்டாம். ஹரோல்ட் ஹோட்டெலிங் (1895–1973) அமெரிக்கப் பொருளியலாளர், புள்ளிவிபரவியலாளர். 1929இல் 'எக்கனாமிக் ஜேர்னல்' இதழில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது இது. ஒரே பொருளை விற்கும் இருவர், வாடிக்கையாளரைப் பிடிக்கும் போட்டியில் ஒருவரையொருவர் நெருங்கிக்கொண்டே போவார்கள் என்பது சாரம்.

திருகோணமலைக் கடற்கரையில் ஒரு கிலோமீற்றருக்குச் சனம் சீராகப் பரந்திருக்கிறது, இரண்டு கச்சான் வண்டிகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் சரை 100 ரூபாய். ஆகவே எது கிட்டவோ அங்கேதான் போவார்கள். கோட்டைப் பக்கமிருந்து அளந்தால் ஒன்று 250 மீற்றரில், மற்றது 750இல் நின்றால் ஆளுக்குப் பாதிச் சனம். எவரும் 250 மீற்றருக்கு மேல் நடக்கத் தேவையில்லை. ஆனால் முதலாமவர் சும்மா நிற்பாரா? வண்டியை 500க்குத் தள்ளினால் எல்லை 625க்கு நகர்கிறது, எட்டில் ஐந்து பங்கு அவருக்கு. மற்றவரும் விடமாட்டார், அவரும் தள்ளிக்கொண்டு வருவார். கடைசியில் இருவரும் நடுவில், பக்கத்தில் பக்கத்தில். பங்கு பழையபடி பாதிதான். அந்தத்தில் இருக்கும் சனத்துக்குத்தான் 500 மீற்றர் நடை. ஆனாலும் தனியாக விலகுகிறவருக்கு நட்டம் என்பதால் யாரும் அசையமாட்டார். இப்படிப்பட்ட நிலைக்கு இன்று நாஷ் சமநிலை என்று பெயர். கணிதவியலாளர் ஜோன் நாஷ் அதை வரையறுத்தது 1950இல்தான்.

தமிழில் என்ன சொல்வது? பொருளியலாளர் கென்னத் போல்டிங் இதற்கு இட்ட பெயரைத் தழுவி 'குறைந்தபட்ச வேறுபாட்டுக் கொள்கை' எனலாம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் 'இட நெருக்கம்' போன்ற சுருக்கமான சொற்கள் காணாது. ஹோட்டெலிங் கடை இருக்கும் இடத்தை மட்டும் பேசவில்லை. சைடர் என்ற ஆப்பிள் பானத்தின் இனிப்பு, அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகள், கிறிஸ்தவ சபைகள் எல்லாமே ஒன்றைப்போல் ஒன்று ஆகின்றன என்று அதே கட்டுரையில் எழுதினார். 'வேறுபாடு' என்ற சொல் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

சரி, விலையையும் அவரவரே வைக்கலாம் என்றால்? இங்கேதான் பலர் விதியை அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒருவர் சரையை 90 ரூபாய்க்குக் கொடுத்தால் முழுச் சனமும் அவரிடம். மற்றவர் 80 என்பார். அடக்கவிலை வரைக்கும் இறங்கிவிடும், இருவருக்கும் ஆதாயம் இல்லை. தூரத் தூர நின்றாலோ, பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு கிலோமீற்றர் நடக்க எவருக்கும் மனம் வராது, விலை தாக்குப்பிடிக்கும்.

விலையைச் சேர்த்துக் கணித்த பிறகும் இருவரும் நெருங்கவே செய்வார்கள் என்றுதான் ஹோட்டெலிங் எழுதியிருந்தார். அந்தக் கணிப்பில் ஓட்டை இருப்பதை 1979இல் தஸ்ப்ரெமோன், கப்ஸெவிச், திஸ் ஆகிய பொருளியலாளர் மூவர் காட்டினர். கடைகள் ஒரே இடத்தில் இல்லாமல் மிக நெருங்கி நின்றால், ஹோட்டெலிங்கின் மாதிரியில் விலைச் சமநிலையே கிடையாது, அதாவது எந்த விலையிலும் இருவரும் நிலைத்து நிற்கமாட்டார்கள். நடைச் செலவு, அதாவது நடக்கும் சிரமம், தூரத்தின் வர்க்கப்படி (தூரம் இரட்டித்தால் நாலு மடங்காக) ஏறுவதாக அவர்கள் மாற்றிக் கணித்தபோது, இரண்டு கடைகளும் இரண்டு அந்தத்துக்குப் போய் நின்றன. அதற்குப் பெயர் 'உச்ச வேறுபாடு'.