சாப்மனின் தோளுக்குள் ஓர் உண்டிவில்

“கிரிக்கெட்டில் நெடுந்தூரம் ஓடி வந்து வீசும் ஷோயப் அக்தரே 161 கி.மீ.தான். பேஸ்பாலில் நின்ற இடத்திலிருந்து 170 எப்படிப் போடுகிறார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. பதில் பேஸ்பால் பந்துவீச்சாளர் அரோல்டிஸ் சாப்மனின் இடது தோளில் இருக்கிறது.

சாப்மன் கியூபாவின் ஒல்கீன் பகுதிக்காரர். 2009 ஜூலையில் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஒரு போட்டிக்குக் கியூபா அணியோடு வந்தவர், தங்கியிருந்த ஓட்டலிலிருந்து நடந்து வெளியேறினார், அணியிடம் திரும்பவில்லை. அடுத்த ஜனவரியில் அமெரிக்க அணியான சின்சினாட்டி ரெட்ஸ் அவரை 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. 2010 செப்டம்பர் 24 அன்று சான் டியேகோவில் அவர் வீசிய ஒரு பந்து 169 கி.மீ. என்று பதிவானது. பிற்பாடு கணக்கைத் திருத்தியபோது அது 170-ஐயும் தாண்டியது. பந்து கையை விட்டு மட்டைக்காரரை அடைய 0.4 நொடிகூட ஆகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். கையை முழங்கை மடங்காமல் பக்கவாட்டில் நீட்டி, மேல்கையை மட்டும் அதன் அச்சில் திருகிப் பாருங்கள். உள்ளங்கை புரளும், அவ்வளவுதான். இப்போது முழங்கையைச் செங்கோணமாக மடக்கி அதே திருகலைச் செய்யுங்கள். கை ஒரு பெரிய வில்லாக வீசிச் செல்லும். தோள் திருகல் அத்தனையும் பந்தின் வேகமாகிறது. கிரிக்கெட்டில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பதால், இந்தத் திருகல் அங்கே பெரும்பாலும் பயன்படாமல் போகிறது.

சாப்மன் வீசுவதை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். முன்கால் மண்ணில் ஊன்றும், இடுப்பு திரும்பும், அப்புறம் மார்பு. கை மட்டும் வராது! முன்னங்கை பின்னால் சாய்ந்து, உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி கிடக்கும். அந்தக் கணத்தில் தோளின் நார்களும் தசைகளும் உண்டிவில்லின் ரப்பர் மாதிரி இழுபடுகின்றன. இழுப்பது கால், இடுப்பு, முதுகின் பெரிய தசைகள். பிறகு ரப்பர் விடுபடுகிறது. நொடிக்கு 7,000 பாகைக்கு மேல் சுழலும் அந்த மேல்கைதான் மனித உடலில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் ஒன்று. நொடிக்கு 19 முழுச் சுற்று போடும் வேகம் அது!

2013-இல் ஆய்வாளர் நீல் ரோச்சின் குழு, கல்லூரி வீரர்களின் தோள் முழுதாகப் பின்னால் திருகாதபடி பட்டை கட்டி, வீசச் சொல்லி அளந்தது. அந்தத் திருகலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி இப்படிச் சேமித்ததுதான் என்றது. நம்மைவிட வலுவான சிம்பன்சி எறிந்தால் 30 கி.மீ.யைச் சுற்றித்தான் வரும். அதற்கு இந்தத் தோள் அமைப்பு இல்லை. சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோரிடம் அது முழுமையடைந்தது என்பது அவர்களின் முடிவு.

பந்து வீசுவதை ஆராயப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதைவிட நியாயமான செலவு தெரியவில்லை. “அது கடவுள் கொடுத்த கை” என்று சொல்லி நகர்ந்திருந்தால் நம் வேட்டைக்கார முன்னோரைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்காது.

இந்த வேகத்துக்கான விலையை முழங்கையின் உள்பக்கத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் சின்ன நார் கொடுக்கிறது. அது கிழிந்த பேஸ்பால் வீரர் டாமி ஜானுக்கு, 1974-இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் மறு கையிலிருந்து நார் எடுத்துத் தைத்தார். அதன் பிறகு எத்தனையோ பந்துவீச்சாளர்கள் அதே அறுவைச் சிகிச்சைக்குப் படுத்து எழுந்துவிட்டார்கள். சாப்மனோ 2025-இல், 37 வயதில், பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக இன்னும் 160 கி.மீ.யைத் தாண்டி வீசிக்கொண்டிருந்தார்.