பம்பைக் கழற்றும் முன் டேங்க் பக்கம் ஒரு தடவை குனியுங்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் பழைய டீசல் மினி லாரி ஒன்று பட்டறைக்கு வந்தது. காலையில் செல்ஃப் அடித்து அடித்தே பேட்டரி இறங்கிவிடுகிறது. டீசலைக் கையால் ஏற்றுகிற கைப்பம்பை இருபது முப்பது தடவை அழுத்தினால்தான் இன்ஜின் பிடிக்கிறது. லோடோடு மேடு ஏறினால் மூச்சு முட்டுகிறது. வேறொரு இடத்தில் நாசிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளுகிற பெரிய பம்பைக் கழற்றி செட்டிங் செய்து, சிலிண்டருக்குள் டீசல் பீச்சுகிற நாலு நாசிலையும் மாற்றியாகிவிட்டது. "செலவு பண்ணியும் அதே கதைதாங்கண்ணே" என்றார் வண்டிக்காரர்.

கைப்பம்பு அடித்தால் பிடிக்கிறது என்கிறபோதே பாதி விடை கிடைத்துவிடுகிறது. ராத்திரி லைனில் நின்ற டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டது, அந்த இடத்தில் காற்று உட்கார்ந்துவிட்டது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்பின் வால்வு தேய்ந்தாலும் இப்படி ஆகும். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது டேங்கிலிருந்து வருகிற ஓஸைத்தான்.

டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரை டீசலை உறிஞ்சித்தான் எடுக்கிறது. இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் இளநீரா ஒழுகும்? காற்றுதான் உள்ளே வரும். அதனால் இன்ஜின் ஓடும்போது இந்தப் பக்கத்து லீக்கில் சொட்டு ஈரம்கூட இருக்காது. "எங்கேயும் ஒழுகலையே" என்று பலர் ஏமாறுவது இதில்தான். ஃபீட் பம்பைத் தாண்டினால் அழுத்தம் வந்துவிடும், அங்கே லீக் என்றால் நனைந்து புழுதி ஒட்டிக் கறுத்துக் கிடக்கும்.

ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஓஸ் வழியாக நேரே ஃபீட் பம்புக்குக் கொடுத்தேன். கேன் டேங்கின் உயரத்திலேயே இருக்கவேண்டும். மேலே தூக்கிக் கட்டினால் டீசல் தானாக இறங்கி, ஃபீட் பம்பின் நோஞ்சலையும் மறைத்துவிடும். லைனில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு ஓட்டியதும் வண்டி சீறியது. அப்புறம் அதே ஓஸை டேங்க் லைனில் கோர்த்தால், சோடா பாட்டில் மாதிரி குமிழி. கிளிப்பைத் தளர்த்தி பழைய ஓஸை வளைத்துப் பார்த்தேன். கிளிப் இறுக்கிய அடியிலேயே மயிரிழை வெடிப்பு. ஒரு அடி ஓஸும் இரண்டு செம்பு வாஷரும்தான் செலவு.

ஓடிக்கொண்டிருந்து அரை மணியில் நிற்கிற வண்டியா? டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அறுவடை முடிந்து மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் ஃபில்டர் அடியில் முதலில் தண்ணீர் வடியுங்கள். பாதி டேங்கோடு நிறுத்துவதால் உள்ளே வேர்த்துச் சேர்கிற தண்ணீர் அது. செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்கே வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை.

நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி மிஸ்ஸிங், அதாவது எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது பழைய பம்பு வண்டிக்கு மட்டும். எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் ஓட்டத்தில் அந்த நட்டைத் தொடவே கூடாது, உள்ளே அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும். பழைய நாசில்கூட 200 பார் அளவு அழுத்தம் வந்தால்தான் திறக்கும். பீச்சுகிற இடத்தில் விரல் வைத்தால் தோலைத் துளைத்து டீசல் உள்ளே இறங்கிவிடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம். கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.