அழற்சி: அது 'வீக்கம்' இல்லை

வியாசர்பாடியில் இருக்கும் என் பெரியம்மா மகன் குடியை விட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. மறதி அதிகமாக இருக்கிறதே என்று டாக்டரிடம் கூட்டிப்போனோம். "உடம்புல இன்ஃப்ளமேஷன் இருக்கு, மந்தமா இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார். பெரியம்மாவுக்குப் புரியட்டும் என்று பக்கத்தில் நின்றவர் அதை "மூளையில வீக்கம்மா" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க 'மண்டையில ஆபரேஷனாம்' என்று பரவி, பெரியம்மா இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார்.

ஒரு சொல் தப்பாகப் போனதால் வந்த வினை இது. இன்ஃப்ளமேஷனுக்குச் சரியான தமிழ்ச்சொல் அழற்சி. அழல் என்றால் நெருப்பு, எரிதல். முயல் என்பது முயற்சி, சுழல் என்பது சுழற்சி ஆவது போல அழல் என்பது அழற்சி. லத்தீன் மூலத்திலும் 'தீ மூட்டுதல்' என்றுதான் பொருள். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் இதற்கு நான்கு அடையாளம் எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. வீக்கம் அந்த நான்கில் ஒன்றுதான், அதையே முழுப் பெயராக வைத்தால் எப்படி? மூளை வீக்கம் என்பது மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தான நிலை, அது வேறு. காதில் ஒரே மாதிரி விழுவதால் அலர்ஜியையும் சிலர் அழற்சி என்று எழுதுகிறார்கள், அதற்கு ஒவ்வாமை என்ற நல்ல சொல் இருக்கிறது. சித்த மருத்துவம் பித்தத்தை அழல் என்று சொல்வதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, குடிப்பழக்கத்துக்கும் புத்திக்கும் நடுவில் அழற்சி எங்கே வந்தது? வருஷக்கணக்காகக் குடித்தால் குடலின் உட்சுவர் கசியத் தொடங்கலாம். அங்கிருக்கும் கிருமிகளின் நச்சுப்பொருள் ரத்தத்தில் கலக்கும், உடம்பு அதை எதிர்க்க சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கும், அந்தச் செய்தி மூளைக்கும் போய் அங்கே காவல் வேலை பார்க்கும் மைக்ரோகிளியா செல்களை உசுப்பிவிடும். மெத்தம்பெட்டமின் போன்ற போதைப்பொருள்களும் அந்தச் செல்களை உசுப்பக்கூடியவை. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பதால் ஆளுக்கு எதுவும் வலிக்காது. கவனம் நிற்காது, சொன்னது மறக்கும், யோசித்து முடிவெடுக்க வராது, மறுபடி குடிக்கும் ஆசையை அடக்குவதும் கஷ்டம். இதற்கு நம்மிடமே பொருத்தமான பேச்சு இருக்கிறது, நீறு பூத்த நெருப்பு.

அழற்சி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. தூக்கமின்மை, பி1 வைட்டமின் குறைவு, பழைய தலைக்காயம் எல்லாம் சேர்ந்திருக்கும். சிஆர்பி ரத்தப் பரிசோதனையும் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்றுதான் காட்டும், மூளையில் என்று காட்டாது. ஆனால் குடியை நிறுத்தியவர்களுக்குப் பல வாரங்கள், மாதங்கள் போகப்போக நினைவும் கவனமும் பெரும்பாலும் தேறிவருகின்றன. இது தெரியாமல்தான் "குடிய வுட்டும் புத்தி வரல பாரு" என்று வீட்டிலேயே குத்திப் பேசுகிறோம். தேறிவருகிற ஆளுக்கு அது எவ்வளவு வலிக்கும்.

பெரியம்மாவிடம் நான் வீக்கம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "உள்ள கனல் இன்னும் அணையல பெரிம்மா" என்றேன்.

"அப்ப தணியும்ல?"

"மேல ஊத்தாம இருந்தா தணியும்."

அப்புறம்தான் ஒரு வாய் சாப்பிட்டார். இப்போது அண்ணனின் மாத்திரை நேரம், அடுத்து டாக்டரைப் பார்க்கும் தேதி எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வாசல் கதவில் ஒட்டியிருக்கிறோம்.