எண்ணெய்ப் பிசுக்கும் மாம்பழ ஓவியமும்

அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெய் டப்பாவைச் சில மாதம் துடைக்காமல் விட்டால், அடியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு ஏறிவிடும். சோப்புக்கு அசையாது, நகத்தால் சுரண்ட வேண்டும். எண்ணெய் வண்ண ஓவியத்தைத் துணியில் பிடித்து வைத்திருப்பதும் இதே வேதியியல்தான்.

சேலத்தில் மாம்பழக் காலம். ஜன்னலோரம் ஒரு எவர்சில்வர் சொம்பையும் குண்டு மாம்பழத்தையும் வைத்து வரைய உட்கார்ந்தேன். நான்காம் நாள் பழம் கனிந்து தோல் சுருங்கிவிட்டது. கேன்வாஸில் மஞ்சளோ இன்னும் விரலில் ஒட்டியது. இத்தனை வெயிலிலும் ஏன் காயவில்லை?

நீர்வண்ணத்தில் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, அவ்வளவுதான். எண்ணெய் ஆவியாவதில்லை. வண்ணத்தில் நிறத்தூளைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி, மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெனிக் அமிலம். ஆக்சிஜன் அந்த இடங்களைத் தாக்கத் தாக்க, ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறோடு கைகோக்கிறது. கடைசியில் வலைபோல ஒரு படலம் உருவாகி, நிறத்தூளைத் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. காயக் காய அதன் எடை முதலில் கூடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. அதனால் தலையில் எத்தனை நாள் இருந்தாலும் எண்ணெயாகவே இருக்கும்.

இது தெரிந்ததும் என் வேலை முறையே மாறியது. இப்போது முதலில் பழத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் பர்ன்ட் அம்பர் பழுப்பில் மட்டும் மெல்லிசாகப் போட்டுவிடுகிறேன். அந்த நிறம் ஒரு வகை மண்ணிலிருந்து வருவது, அதில் இருக்கும் மாங்கனீஸ் ஆக்சிஜன் வினையைத் தூண்டும். அதனால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும், பழமும் அதுவரை தாங்கும். எலும்புக்கரிக் கறுப்பு நேர் எதிர், மிக மெதுவாகக் காயும். அடியில் அதைக் கெட்டியாகப் பூசக் கூடாது. அடிப்பூச்சில், வண்ணத்தை நீர்க்க வைத்து ஆவியாகிவிடும் டர்பன்டைன் கூட, எண்ணெய் குறைய. மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். வரிசை மாறினால் மேல்பூச்சு முந்தி இறுகிவிடும், அடியில் இருப்பது அசைந்துகொண்டே இருக்கும், அப்புறம் வெடிப்புதான்.

சொம்பின் பளபளப்புக்குத் தனி வெள்ளி நிறம் வேண்டியதில்லை. பழத்தின் மஞ்சளும் ஜன்னலின் வெளிச்சமும் அதில் வளைந்து தெரிவதை, தெரிகிறபடியே வைத்தால் போதும்.

ஏற்காட்டில் ஆரஞ்சு வைத்து வரைந்தபோது நாட்கள் இன்னும் நீண்டன. 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் எந்த வேதிவினையும் நிதானம்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், சூடு உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

தொட்டால் ஒட்டாததால் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே வினை மாதக்கணக்கில் ஓடும், வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். இருட்டில் வைத்தால் படலம் மஞ்சளிக்கும். அதனால் என் மாம்பழப் படம், நேர் வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் படும்படி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது.