முதியோர் இல்லத்தில் மியூசிக்கல் சேர் எதற்கு?

அக்டோபர் 1 உலக முதியோர் தினம். செப்டம்பர் கடைசியிலேயே முதியோர் இல்லங்களுக்கு போன் மேல் போன் வர ஆரம்பித்துவிடும். "மதியச் சாப்பாடு எங்க செலவு. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கேம்ஸ் வெச்சுக்கலாமா?" கேம்ஸ் என்றால் பெரும்பாலும் மியூசிக்கல் சேர். எலும்பு மெலிந்துபோனவர்களை, பாட்டு நின்றதும் நாற்காலிக்குப் பாயச் சொல்கிற விளையாட்டு. முதியவர்களை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக ஓரமாக நிற்கும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

வருகிறவர்கள் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆடப்போகிறவர்களை மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் நேரம். சாப்பிட்டதும் பல முதியவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மறதி நோய் உள்ளவர்களில் சிலருக்குச் சாயங்காலம் ஆனாலே பதற்றம் கூடும். காலை பத்து மணிவாக்கில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் காலையில் நீர் மாத்திரை போட்டவர்கள் அடிக்கடி எழுந்து போகவேண்டியிருக்கும். அவர்களுக்குக் கழிவறைப் பக்கமாக இடம் கொடுங்கள். இல்லாவிட்டால் "எனக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று அறையிலேயே இருந்துவிடுவார்கள். நிஜக் காரணத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

விளையாட்டுக்கு நாம் எங்கேயும் தேடவேண்டியதில்லை. தாயக்கட்டையை இரு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டிப் போடுவது, மூட்டு இறுகிய விரல்களுக்கு நல்ல பயிற்சி. தரையில் உட்கார முடியாதவர்களுக்காகக் கட்டத்தைக் கறுப்புப் பலகையில் தடித்த வெள்ளைக் கோட்டில் வரைந்து மேசைமேல் வைத்துவிடுவேன். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை வழுக்கும், கழற்சிக்காய் கைக்கு அடக்கமாக நிற்கும். வலது மூளையில் பக்கவாதம் வந்த சிலருக்கு இடப்பக்கம் இருப்பது கவனத்துக்கே வராது. பதினான்கு குழியில் இடது ஓரத்துக் குழிகளை விட்டுவிட்டு ஆடுவார்கள். "கண்ணு தெரியலையா?" என்று பக்கத்தில் இருப்பவர் அதட்டுவார். அப்படிப்பட்டவருக்குப் பலகையை முதலில் வலப்பக்கம் தள்ளி வைத்து, பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும்.

பாட்டிலும் இதே கதைதான். வயதான காலத்தில் அதிகம் நினைவுக்கு வருவது பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவை. இன்று 80 வயதுக்காரருக்கு அது ஏறக்குறைய 1955 முதல் 1975 வரை. இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்ட காலம். பென் டிரைவில் வந்து சேர்வதோ தொண்ணூறுகளின் "பழைய பாட்டு". பாட்டிக்கு அப்போதே நாற்பத்தைந்து வயது! அதையும் பெரிய ஸ்பீக்கரில் அலறவிட்டால், காது மெஷின் போட்டவர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள்.

ஒரு மேசைக்கு ஆறேழு பேர் போதும். வரவில்லை என்பவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு பாட்டி தாயம் ஆட மாட்டேன் என்று திண்ணையில்தான் உட்காருவார். ஆனால் யாராவது விதி தப்பினால் அங்கிருந்தே குரல் வரும்: "ஏய், ஒரு காயாவது வெட்டாம உள்ள போகக் கூடாதுடி!" என் பதிவேட்டில் அவரையும் பங்கேற்றவர் என்றே எழுதுகிறேன்.

இந்த முறை போன் செய்யும்போது, என்ன வாங்கி வரட்டும் என்பதோடு யார் யாருக்கு எது பிடிக்கும் என்றும் கேளுங்கள். வார்டன் அம்மாவுக்குத் தெரியாவிட்டால், ஒரு நாள் முன்னதாக வந்து அவர்களிடமே கேட்டுவிடலாம்.