‘கணீர்’ குரலின் கணக்கு

இத்தாலியின் வெரோனா அரேனா என்ற திறந்தவெளிக் கல்லரங்கில் ஆபரா (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) பார்க்கப் போகிறவர்களில் பர்ஸ் கனமில்லாதவர்களுக்கு உச்சிப் படிகள்தான் கிடைக்கும். இரவு ஒன்பது மணிக்கும் கல்லில் பகல் வெயிலின் சூடு மிச்சமிருக்கும். ஒரு குஷனை வாடகைக்கு எடுத்துக்கொள்வது உத்தமம். சேகண்டி ஒலிக்கும், படியெங்கும் சிறு மெழுகுவத்திகள் மினுங்கும். கீழே, கட்டைவிரல் உயரத்துக்குத் தெரியும் ஒருவர் வாயைத் திறப்பார். மைக் இல்லாமல் பாடுவதே இங்கே நெடுநாள் மரபு. அவருக்கு முன்னால் ஒரு முழு இசைக்குழு முழங்கிக்கொண்டிருக்கும். அப்படியும் குரல் மேலே வந்துவிடுகிறது.

ரோமானியர்கள் அந்தக் காலத்திலேயே ஒலியியல் தெரிந்து கட்டினார்கள் என்று பெருமைப்படத் தோன்றும். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் இந்த நீள்வட்ட அரங்கு எழுந்தது கிளாடியேட்டர் சண்டைகளுக்காக. இது பாட்டு மேடையானதே 1913இல்தான். இசையமைப்பாளர் வெர்டி பிறந்து நூறாண்டு ஆனதைக் கொண்டாட, ஜொவான்னி ஜெனாடெல்லோ என்ற டெனர் (ஆண்களில் மேல்ஸ்தாயிக் குரல்) பாடகர் முன்னின்று அவருடைய ‘ஐதா’ ஆபராவை அரங்கேற்றினார், நாயகன் வேடமும் அவரே.

கட்டடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. படிகள் செங்குத்தாக ஏறுவதால், முன்வரிசைத் தலைகளில் உரசித் தேயாமல் ஒலி நேராக நம்மிடம் வருகிறது. ஆனால் கூரை இல்லை. மூடிய அரங்கில் சுவரும் கூரையும் எதிரொலித்துக் கொடுக்கும் உதவியில் பெரும்பகுதி இங்கே வானத்துக்குப் போய்விடுகிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். பாடகரிடமிருந்து 10 மீட்டரில் இருப்பவரைவிட 80 மீட்டரில் இருப்பவருக்கு 18 டெசிபல் குறைவு; அதாவது ஒலிச்செறிவில் 64இல் ஒரு பங்கு.

இசைக்குழுவுக்கும் இதே கணக்குத்தான். அப்படியானால் குரல் மட்டும் எப்படித் தனித்துக் கேட்கிறது? கத்தி ஜெயிக்க முடியாது. பாடகர் செய்வது வேறு: இசைக்குழு காலியாக விட்டிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இசைக்குழுவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸை (நொடிக்கு 500 அதிர்வு) ஒட்டி உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் போகப்போகச் சரியும். 3000 ஹெர்ட்ஸ் பக்கம் கூட்டமே இல்லை. ஸ்வீடனின் குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் ஆராய்ந்து விளக்கியது இதைத்தான். பயிற்சி பெற்ற ஆண் பாடகர் குரல்வளையைச் சற்றுக் கீழே இறக்கித் தொண்டையை அகலப்படுத்துகிறார். குரல்நாண்களுக்கு மேலேயுள்ள குறுகிய குழல் அப்போது தனியொரு ஒத்ததிர்வு அறைபோல் (தனக்கு இசைந்த அதிர்வெண்ணை மட்டும் பெருக்கும் அறைபோல்) இயங்குகிறது. குரலின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஒத்ததிர்வுகள் நெருங்கி வந்து 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒரே குன்றாக எழுகின்றன. இத்தாலியர் இதை ‘ஸ்க்வில்லோ’ என்கிறார்கள். நாம் ‘கணீர்’ என்போம்; நம் சொல்லில் அந்த ஓசையே இருக்கிறது.

கேட்பவரின் காதும் கூட்டாளிதான். செவிக்குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை அடைத்த குழல். அதுவும் ஏறக்குறைய இந்த அதிர்வெண்ணில்தான் ஒலியை ஏற்றிக்கொடுக்கிறது.

உச்ச ஸ்தாயியில் பாடும் சொப்ரானோ பெண்களின் வழி வேறு. 880 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் பிடிக்கும்போது, சுமார் 300 ஹெர்ட்ஸில் இருக்கும் ‘இ’யின் முதல் ஒத்ததிர்வு அந்தச் சுரத்துக்குக் கீழே தங்கிவிடுகிறது. ஆகவே தாடையை இறக்கி, ஒத்ததிர்வைச் சுரத்துக்கு உயர்த்துகிறார்கள். குரல் பொங்குகிறது, ‘இ’யோ ‘ஆ’ ஆகிவிடுகிறது. சொல் புரியவில்லையே என்று வருந்துகிறவர் தன் இத்தாலிய அறிவைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அந்த உயரத்தில் இத்தாலியர்களுக்கும் புரியாது.

இந்த உத்தி பலிக்காத ஓர் இடமும் உண்டு. மெதுவாகப் பாடினால் குரலின் மேல்அதிர்வுகள்தான் முதலில் வற்றும், கணீர் மங்கிவிடும். ‘ஐதா’ முடிவதோ அப்படித்தான்: உயிரோடு கல்லறையில் அடைபட்ட காதலர் இருவர், முணுமுணுப்புக்குச் சற்றே மேலான குரலில் விடைபெறுகிறார்கள். அங்கே வெர்டியே இசைக்குழுவை மெலியவைத்து வழிவிடுகிறார். மீதியை உச்சிப் படிக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்: யாரும் இருமக் கூடாது.