மழையோடு மல்லுக்கட்டாத வீடு

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர்கள் உண்டு. அங்கே 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் உழவர்கள் கட்டிய வீடுகளுக்கு வரைபடமும் கிடையாது, பொறியாளரும் கிடையாது. பக்கத்தில் கிடைத்த கல், களிமண், சுண்ணாம்பு, வைக்கோல், அவ்வளவுதான். ஆனாலும் பல வீடுகள் இன்றும் நிற்கின்றன.

வீட்டின் அகலம் ஓர் அறைதான். இடம் போதாவிட்டால் நீளவாக்கில் இன்னோர் அறையைச் சேர்ப்பார்கள். மரம் அரிதான நாட்டில் நீளமான உத்தரத்துக்கு எங்கே போவது?

சுவர்தான் சுவாரசியமானது. அரை மீட்டருக்கு மேல் தடிமன். கல்லோ களிமண்ணோ, மேலே சுண்ணாம்புப் பூச்சு. மழையில் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், காற்றடித்தால் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உள்ளிருந்து உதவுவது அடுப்பு. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் கட்டிகள் (மக்கிய தாவரங்களாலான கரிமண்) அதில் எரியும். இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைத்து, காலையில் கிளறிவிடுவார்கள். சுவர் முழுக்கக் குளிர்ந்துபோக வாய்ப்பே இல்லை. வடமேற்கில் அடுப்பை ஒட்டிய சுவரைச் சற்று வெளியே தள்ளிக் கட்டி, கட்டில் அளவுக்கு ஒரு மாடம் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் படுக்கும் இடம் அது. வீட்டிலேயே கதகதப்பான மூலையும் அதுதான்.

கூரை நல்ல சரிவு. தண்ணீர் ஒரு வைக்கோல் தாளிலிருந்து அடுத்த தாளுக்கு வழுக்கிக்கொண்டே இறங்கிவிடும். மேலடுக்கு மட்டும் நனையும், அடியில் உலர்ந்தே இருக்கும். கடற்கரையில் புயல் கூரையைத் தூக்கிவிடாதபடி கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, சுவரில் துருத்தி நிற்கும் கல் முளைகளில் கட்டுவார்கள். முகட்டையும் உருண்டையாகவே விடுவார்கள், காற்றுக்குப் பிடிமானம் கிடைக்கக்கூடாதல்லவா?

அப்புறம் சிமென்ட் வந்தது. பழைய சுவரை 'பலப்படுத்த' நினைத்து அதைப் பூசினார்கள். சிமென்ட்டில் மெல்லிய விரிசல் விழும்; அதன் வழியே நுழைந்த நீர் வெளியேற முடியாமல் தங்கிவிடும். கல் சுவர் பூஞ்சை பிடித்தாலும் நிற்கும். களிமண் சுவரோ உள்ளுக்குள் இளகி, ஒருநாள் சரிந்தேவிடும்.

பெல்ஃபாஸ்ட் அருகே கல்ட்ராவில் உள்ள அல்ஸ்டர் நாட்டுப்புற அருங்காட்சியகத்தில், இப்படிப்பட்ட பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அயர்லாந்து அரசும் 2021-இல் இத்தகைய நாட்டுப்புறக் கட்டடங்களுக்கென்றே தனிச் செயல்திட்டம் வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், வீட்டைக் காப்பதைவிடக் கடினம் பராமரிப்பைக் காப்பது: கூரை வேயத் தெரிந்த கை வேண்டும், வெள்ளையடிப்பு விட்டுப்போகக்கூடாது, வீட்டில் ஆள் இருந்து தீ மூட்ட வேண்டும். இன்று அத்தகைய வீட்டைச் சீர்செய்பவர்கள் பல இடங்களில் முதலில் செய்வது, அந்தச் சிமென்ட்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, சுவர் தானாகக் காயும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பதுதான்.